வளியும் விரலும்: துளைக்கருவி இலக்கணத்தில் விடுபட்ட ஒரு பகுதி

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஆடலாசான் முதலாக யாழாசிரியன் ஈறாக, அரங்கிற்கு வேண்டப்படுவோர் ஒவ்வொருவர்தம் அமைதியையும் முறைப்பட வகுத்துரைக்கின்றது. அவற்றுள் குழலோன் அமைதிக்கு உரை வகுக்கப் புகுந்த அடியார்க்குநல்லார், குழலென்னும் கருவியைப் பற்றித் தருவன மிகப் பல. அது செய்தற்குரிய பொருள்கள் மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்து. நீளம் 20 விரல். சுற்றளவு 4½ விரல். இடக்கையிற் பெருவிரலும் சிறுவிரலும் ஒழிந்த மூன்றும், வலக்கையிற் பெருவிரல் ஒழிந்த நான்கும் ஆகிய ஏழு விரல்கள் ஏழு துளைகளின்மேல் நிற்கும். விரல் நிற்கும் இடம் இத்துணைத் துல்லியமாகக் குறிக்கப்பட்ட அவ்வுரையில், அக்குழலை ஒலிப்பிக்கும் மூச்சை எங்ஙனம் எடுப்பது, எங்ஙனம் அடக்குவது, எங்ஙனம் விடுவது என்பன தனித்து எடுத்து விளக்கப்படவில்லை. விரலுக்குக் கணக்கு உண்டு. வளிக்குக் கணக்கு இல்லை.

இக்குறையை உரையாசிரியர் ஒருவர்மேல் ஏற்றுதல் முறையாகாது. இசைத்தமிழின் கலைச்சொற்களிற் பெரும்பாலன யாழின் வழியாகப் பிறந்தவை. இக்காலத்தார் சுரம் என வழங்குவதனை முன்னையோர் நரம்பு என்றனர். குரல் முதல் தாரம் ஈறாகிய ஏழும் நரம்பெனவே பெயர்பெற்றன. குழலினுள் நரம்பு ஏது? ஆயினும் குழலிசை கூறும் இடங்களிலும் அச்சொல்லே வருகின்றது. பெரியபுராணத்தில் ஆனாய நாயனார் குழலூதிய திறத்தை விரித்துரைக்கும் சேக்கிழாரும் ஓரிடத்தில் தந்திரி என்னும் சொல்லையே ஆள்கின்றார். யாழ் மீட்டுவோன் கையே இசையின் அளவுகோலாக நின்றமையின், குழலோனிடத்தும் புலவர் கண் அவன் கையையே நாடிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும்.

பிற்கால ஆராய்ச்சியும் இந்நெறியினின்று பெரிதும் விலகவில்லை. தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917ஆம் ஆண்டில் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் சுருதிகளை அளந்து வரையறுக்கும் பெருமுயற்சி. விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் பெயரானே தன் பொருளைக் காட்டும். பின்னைய நூல் 1947ஆம் ஆண்டில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் சார்பில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. இரண்டும் காவிரிப் படுகை நிலத்தோடு தொடர்புடையன. இரண்டும் தமிழிசை ஆராய்ச்சிக்கு அடிப்படை இட்டன. அவற்றின்பால் எமக்குள்ள மதிப்பில் ஐயமில்லை. எனினும் ஊர்தோறும் நாயனம் ஒலித்த நாட்டில் எழுந்த இவ்விரு பேராராய்ச்சிகளும் ஊதுவோன் மூச்சினைத் தம் பொருளாகக் கொள்ளாமை நோக்கற்பாலது. அந்நாயனத்தின் மூச்சே ஈண்டு யாம் ஆராயப் புகுவது. நூல்கள் அதனைப் பற்றி முற்றிலும் வாளா இருந்தனவா, அன்றி யாம் தேடாத இடத்தில் அதனை வைத்துப் போயினவா என்பதே வினா.

முதற்கண் ஊதுதல் என்னும் தொழிலின் இயல்பைத் தெளிதல் வேண்டும். நாகசுரம் என்றும் நாதசுரம் என்றும் வழங்கும் கருவியின் பெயர் வழக்கினை ஈண்டு ஆராய்தல் வேண்டா. யாம் நாகசுரம் என்றே எழுதுவோம். அதன் உடல் உலவு எனப்படும். தலைப்பில் கெண்டை என்னும் உலோகத் துண்டும், அதன்மேல் சீவாளியும் பொருந்தும். அடியில் அகன்ற அணசு அமையும். திருவிடைமருதூரை அடுத்த நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தெடுக்கப்படும் இக்கருவிக்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. சீவாளி கொறுக்கை என்னும் நாணல்வகைத் தட்டையினின்று செய்யப்படுவது. இரண்டு நாக்குகள் ஒன்றோடொன்று படிந்தாற்போன்ற அதன் வாய், ஊதுவோன் இதழ்களின் இடையே அடங்கும். அவன் அதனை எச்சிலால் நனைத்துப் பதம் பார்ப்பதும், கருவியிலே தொங்கும் தந்த ஊசியால் அதன் வாயைத் திருத்துவதும் மேளம் கேட்கச் சென்றோர் அனைவரும் கண்டனவே.

இச்சீவாளியின் வாய் மிகக் குறுகியது. ஆதலின் அதன்வழிச் செல்லும் வளியின் அளவு சிறிது. அதனைச் செலுத்த வேண்டும் அழுத்தமோ பெரிது. புல்லாங்குழலின் நிலை இதற்கு மறுதலை. அங்கே இதழினின்று எழும் வளி, துளையின் விளிம்பில் மோதி, ஒரு பகுதி உட்புகுந்து ஒரு பகுதி வெளியே சிதறும். அழுத்தம் குறைவு, செலவு மிகுதி. ஆகவே குழலூதுவோன் காற்றுத் தீர்ந்து களைப்பான். நாகசுரம் ஊதுவோன் காற்றுத் தீராமையாற் களைப்பான். இது வியப்பாகத் தோன்றலாம். நெஞ்சினுள் அடைபட்ட வளி, சீவாளியின் சிறுவாய்வழி முற்றும் வெளியேறுதற்கு முன்னரே தன் பயனை இழந்து கெட்ட வளியாகி விடுகின்றது. அதனை முதலில் வெளிவிட்டு, அதன்பின்னரே புதுவளியை உட்கொள்ளுதல் வேண்டும். மேலைநாட்டு ஓபோ என்னும் இரட்டை நாக்குக் கருவியைப் பயில்வோரும் இவ்விடர்ப்பாட்டையே கூறுவர். எனவே நாகசுரக்காரர் ஒரு சொற்கட்டினை முடித்து அடுத்ததைத் தொடங்கும் இமைப்பொழுதில் நிகழ்வன இரண்டு செயல்கள்: கழித்தல் ஒன்று, கொள்ளுதல் ஒன்று. கொள்ளுதலை மட்டும் அறிந்து கழித்தலை அறியாதவன் சிறிது நேரத்தில் நெஞ்சு முட்டி நிறுத்துவான்.

இதனை உணராமையாலேயே, நாயனம் ஊத வேண்டுவது நெஞ்சுவலிமை ஒன்றே என்னும் கருத்து நாட்டிற் பரவிற்று. 1968ஆம் ஆண்டில் வெளிவந்த தில்லானா மோகனாம்பாள் திரைப்படத்தில் நாகசுரக் கலைஞனாக நடித்த சிவாஜி கணேசனின் கழுத்து நரம்பு புடைத்தலையும் கன்னம் பொங்குதலையும் கண்டு வியந்தவர் பலர். அவ்விசையை உண்மையில் ஊதியவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி உடன்பிறந்தார். நடிப்பு என்ற அளவில் அது குறையற்றது. ஆயினும் காண்போர் நெஞ்சில் அது பதித்த கருத்து, மூச்சு என்பது வருத்தம் என்பதே. நன்கு பயின்றோரிடத்தில் தோள் உயராது, மேல்நெஞ்சு விம்மாது, வயிற்றின் அடிப்பகுதியே விரிந்து, பின் சிறிது சிறிதாக அகத்தே ஒடுங்கும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் இறங்கி நின்று, மெல்ல ஏறுவதன் புறக்குறி அது.

இந்நிலை நடந்துகொண்டே ஊதும் புறப்பாட்டில் எத்துணை அரிது என்பது சொல்லாமலே விளங்கும். காவிரிப் படுகையின் கோயில்களில் மல்லாரி தொடங்கிச் சுவாமி நான்கு வீதியும் சுற்றி வரும்வரை நாகசுரம் நின்றும் நடந்தும் ஊதப்பட்டது. அமர்ந்து கச்சேரி செய்தல் பின்னை வழக்கு. கும்பகோணம் கும்பேசுவரர் கோயிலிற் கல்லாற் செய்த நாயனம் ஒன்றும் உண்டு. அதன் எடையோடு மூச்சையும் தாங்கியவர் யாவராயினும் அவர் வணக்கத்திற்கு உரியவர்.

திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) காலத்தில் நாகசுரத்தின் மூச்சு மாறிற்று என்று யாம் கருதுகின்றோம். அவர்க்கு முன்னர்ப் பெருவழக்காக இருந்தது திமிரி. குறுகிய உடலும் ஓங்கிய சுருதியும் உடையது. அவர் கையாண்டு நிலைபெறச் செய்தது பாரி. நீண்ட உடலும் தாழ்ந்த சுருதியும் உடையது. சுத்த மத்திமம் செவ்வனே பேசும் பாரியை அவர்பொருட்டு அமைத்தவர் நரசிங்கன்பேட்டை ரங்கநாத ஆசாரி. இம்மாற்றத்தைச் சுருதியின் மாற்றமாகவே பலரும் எழுதினர். நீண்ட உடலுக்குப் பெரிய சீவாளி வேண்டும். பெரிய சீவாளி மிகுதியான வளியை ஏற்கும். ஏற்கவே, அடைபட்ட வளி நெஞ்சை முட்டும் இடர் ஓரளவு குறைந்து, நெடுங்கார்வைக்கு இடம் உண்டாகும். ராஜரத்தினம் பிள்ளை வாய்ப்பாட்டில் முதற்பயிற்சி பெற்றவர் என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அவருடைய தோடியில் ஒரு கார்வை, பாடுவோன் மிடற்றினின்று எழுவதுபோல மெல்லத் தொடங்கிப் பருத்து மீண்டும் மெலிகின்றது. அவ்வாறு பருத்தலும் மெலிதலும் விரலால் ஆவன அல்ல. துளை ஒன்றே; அதன்மேல் நிற்கும் விரலும் ஒன்றே; மாறுவது வளி.

ஈண்டே சேக்கிழாரிடம் மீளுதல் தகும். மேல்மழநாட்டு மங்கலவூரினராகிய ஆனாயர் கொன்றை மரத்தின் முன் நின்று குழலூதிய திறத்தை அவர் பாடும்போது, மெலிவு, சமன், வலிவு என்னும் மூன்று தானங்களையும், விரல்கள் அளவுபெற அசைதலையும் கூறி, அதனோடு நில்லாது, ஊதுவார் வாயும் குழலின் துளைவாயும் ஒன்றோடொன்று பிணிப்புண்டு நின்றமையையும் குறிக்கின்றார். வாயும் துளையும் பொருந்திய அவ்விடத்தை நோக்கியமையால், அடியார்க்குநல்லார் உரையினும் இப்பாட்டு மூச்சிற்கு ஒரு படி அணித்தாக வருகின்றது. அன்றியும் மெலிவு, சமன், வலிவு என்பனவற்றை இடப்பெயராகவே கொண்டு, மந்தரம், மத்திமம், தாரம் என்று பொருளெழுதிப் போவது உரைமரபு. யாழிற்கு அது பொருந்தும். துளைக்கருவியிலோ, விரலமைதி மாறாதிருக்கவே, வளியின் விரைவும் இதழின் இறுக்கமும் மிகுந்தால் ஒலி மேல்தானத்திற்குத் தாவும். கூம்பிய உட்டுளையுடைய நாகசுரத்திற்கும், இருபுறமும் திறந்த புல்லாங்குழலுக்கும் இவ்வியல்பு பொது. ஆகவே குழலோனைப் பொறுத்தமட்டில் வலிவும் மெலிவும் சமனும் அவன் வளியின் நிலையையே உணர்த்தும் சொற்கள் என்று கொள்ளுதற்கு இடமுண்டு. இச்சொற்கள் முதலிற் குழலிற் பிறந்து யாழுக்குச் சென்றனவா என்று எம்மை வினவுவார்க்கு, அவ்வளவிற்கு யாம் துணியவில்லை என்பதே விடை.

இனி, நூல்கள் வளியிலக்கணத்தை வேறோரிடத்தில் வைத்தனவோ என்னும் வினாவிற்கு வருவோம். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில், உந்தியினின்று எழும் வளி தலையினும் மிடற்றினும் நெஞ்சினும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு உறுதலால் எழுத்துகள் வெவ்வேறாகப் பிறக்கும் என்கின்றார். அகரமும் ஆகாரமும் அங்காத்தல் ஒன்றானே பிறக்கும். உகரம் முதலியன இதழ் குவிதலாற் பிறக்கும். தகர நகரங்கள் மேற்பல்லின் அடியை நாநுனி பரந்து ஒற்றுதலாற் பிறக்கும். அவ்வியலின் இறுதியில் அவர் ஒரு வரையறையும் செய்கின்றார்: அகத்தே எழும் வளியின் அளவு அந்தணர் மறையின் பாற்படும், தாம் கூறுவது புறத்தே போந்து பொருள் தெரிய இசைக்கும் வளியின் அளவே என்பது அது. உடலுள் இயங்கும் மூச்சு வேறு, வாயில் உருப்பெறும் வளி வேறு என்னும் தெளிவு அவர்க்கு இருந்தது. மூச்சுப் பயிற்சி என்றவுடன் பிராணாயாமம் என்று எழுதத் தொடங்குவோர் இவ்வரையறையைக் கருதுதல் நன்று. மூக்கின்வழி மெல்ல இழுத்து மெல்ல விடும் அப்பயிற்சி உடலுக்கு நலம் தரலாம். இமைப்பொழுதிற் கழித்து இமைப்பொழுதிற் கொண்டு, சிறுவாய்வழி அழுத்திச் செலுத்தும் இத்தொழில் அதனின் வேறு.

இப்பிறப்பியலைக் கையிற் கொண்டு மேளக்காரர் வழக்கினை நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மூச்சின் அளவைக் குறிக்க அவர்கள் தம் என்னும் சொல்லை வழங்குவர். அது வடபுலத்தினின்று வந்தது. ஊதும் முறைகளைக் குறிக்க அவர்கள் வழங்குவனவோ அகாரம், துத்துக்காரம், தன்னகாரம் என்பன. விரலால் ஆவதற்கு விரலடி என்னும் தனிப்பெயர் உண்டு. அகாரமாவது நா தடுக்காமல் வளியை ஒழுகவிட்டு ஊதுதல். துத்துக்காரமாவது நாவினால் வளியைத் தட்டித் தட்டி விடுதல். இம்மூன்றும் எழுத்துப் பெயர்கள் என்பதனை உன்னுக. அகரத்திற்குத் தடையில்லை என்றார் தொல்காப்பியர். தடையில்லா வளியை அகாரம் என்றார் மேளக்காரர். தகரத்திற்கு நாநுனி ஒற்றும். உகரத்திற்கு இதழ் குவியும். துகரத்தைச் சொல்லிப் பார்ப்பவர், தம் நா விடுபட்டு இதழ் குவிந்து நிற்கும் அந்நிலையே சீவாளியைப் பற்றும் நிலை என்று எளிதில் உணர்வர். படியாத மேளக்காரர் தம் தொழிலுக்கு இட்ட பெயர்கள், பிறப்பியல் வகுத்த நெறியிலேயே அமைந்துள்ளன. அவர்கள் அந்நூலைக் கற்றனர் என்பது எம் கருத்தன்று. இருசாராரும் நோக்கிய வாய் ஒன்றே ஆதலின் கண்ட உண்மையும் ஒன்றாயிற்று.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். பாடுவோரும் அகாரம் என்று கூறுகின்றனரே. நாகசுரக்காரர் அதனைப் பாடுவோரிடமிருந்து இரவல் பெற்றனர் என்னலாகாதோ? பெற்றிருக்கலாம். ஆனாற் பாடுவோன் அகாரம் செவிக்கு அகரமாகவே கேட்கும். நாகசுரக்காரர் அகாரத்தில் அகரம் கேட்பதில்லை. ஆகவே இங்கே அச்சொல் ஒலியைக் குறியாது தொழிலையே குறிக்கின்றது. இதனினும் வலிய தடை ஒன்றுண்டு. சீவாளியை இதழ் மூடிப் பற்றியிருக்குங்கால் அங்காத்தல் எங்ஙனம் இயலும்? இத்தடை எம்மை நெடுநாள் வருத்திற்று. புறவாய் மூடியிருப்பினும், நாவின் அடி தாழ்ந்து மிடறு விரிந்து அகவாய் திறந்து நிற்றல் கூடும் என்பதும், அவ்வாறு திறவாது ஊதுவோன் ஒலி நெரிந்து கேட்கும் என்பதுமே யாம் காணும் அமைதி. இதனினும் சிறந்த அமைதி காண்போர் கூறின் ஏற்றுக்கொள்வோம்.

இவ்வளவிற் பார்க்கும்போது அரங்கேற்று காதையே வேறொளியில் தோன்றுகின்றது. குழலோன் சித்திரப் புணர்ப்பும் வஞ்சனைப் புணர்ப்பும் அறிந்தவனாதல் வேண்டும் என்பது அடிகள் கருத்து. வல்லொற்று வருமிடத்து அதனை மெல்லொற்றுப்போல நெகிழ்த்துப் புணர்க்கும் திறத்தினை ஒட்டி உரையாசிரியர் இவற்றை விளக்குவர். குழலோன் அமைதியின் முடிவிலும், எழுத்து எழுத்தாக வழுவின்றி இசைத்தல் அவன் கடனாகக் கூறப்படுகின்றது. குழலில் வல்லொற்றையும் மெல்லொற்றையும் வேறுபடுத்துவது எது? விரலால் அது முற்றும் இயலாது. விரல் சுரத்தை மாற்றுமேயன்றி எழுத்தை மாற்றாது. வளியை நா தடுக்கும் வன்மை மென்மைகளாலேயே அவ்வேறுபாடு உண்டாதல் வேண்டும். எனவே மூச்சைப் பற்றி நூல் பேசிற்று. எழுத்தின் பெயரால் பேசிற்று. உரையாசிரியரும் அதனை எழுத்திலக்கணமாகவே கண்டு எழுதிச் சென்றமையின், பின்வந்தோர் அதனுட் பொதிந்த ஊதுமுறையைக் காணாராயினர். துத்துக்காரத்தில் வல்லொற்றும் தன்னகாரத்தில் மெல்லொற்றும் நிற்றலை நோக்கின், வலித்ததனை நெகிழ்த்துப் புணர்க்கும் பழைய திறத்தின் எச்சம் அப்பெயர்களில் உறைகின்றதோ என்று எண்ணத் தோன்றுகின்றது. இடையில் உள்ள நூற்றாண்டுகள் பல. ஆதலின் இதனை முடிந்த முடிபாக யாம் கூறவில்லை. ஒப்பிட்டு ஆராய்தற்குரிய இடம் இது என்று சுட்டுவதே எம் நோக்கம்.

இலக்கணம் எழுத்திலேனும் எஞ்சிற்று. பயிற்சி எஞ்சுமா என்பதே எம் கவலை. பெரிய மேளத்தில் நாகசுரத்தோடு ஒத்து என்னும் கருவியும் ஊதப்பட்டு வந்தது. தோற்றத்தில் அது நாகசுரத்தை ஒத்திருக்கும், சீவாளியும் உண்டு. ஆனால் விரற்றுளைகள் இல்லை; அடிப்பகுதியில் உள்ள சில துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பர். அது ஒலிப்பது ஒரே சுரம். அச்சுரம் மேளம் தொடங்கியதுமுதல் முடியும்வரை அறாது நிற்றல் வேண்டும். அறாது நிற்க ஊதுவோன் மூச்சு விடாதிருத்தல் இயலாதாகலின், வேறு வழி கண்டனர். கன்னங்களை வளியால் நிரப்பி, அக்கன்ன வளியைச் சீவாளிக்குள் செலுத்தும் நேரத்திலேயே மூக்கின்வழிப் புதுவளியை நெஞ்சிற்கு இழுப்பர். நெஞ்சு நிறைந்ததும் கன்னத்தின் தொழிலை நெஞ்சு ஏற்கும். இரண்டு வளிகள் மாறும் அவ்விடத்தில் ஒலி நடுங்கலாகாது. பொற்கொல்லர் ஊதுகுழலால் விளக்கின் சுடரை ஒரே சீராக நிறுத்துவதும் இம்முறையினாலேயே. மகுடி ஊதுவோரிடத்தும், ஆசுதிரேலியப் பழங்குடியினரின் திட்ஜெரிடூ, சார்டீனியாத் தீவினரின் லௌனெட்டாசு ஆகியவற்றை ஊதுவோரிடத்தும் இத்திறம் காணப்படுகின்றது. ஆகவே இது காவிரி நாட்டிற்கே உரியதென்று செருக்குதற்கில்லை. நீர் நிறைந்த கலத்தில் மெல்லிய குழாயை விட்டு, குமிழி இடையறாமல் ஊதிப் பழகுதல் இதற்குரிய எளிய தொடக்கம்.

கன்னத்தைத் துருத்தி என்னலாம். கொல்லன் உலைத்துருத்தியை உணர்த்தும் இச்சொல், ஆற்றின் இடையே நீர் இருபுறமும் பிரிந்தோட நிற்கும் திட்டினையும் உணர்த்தும். திருவையாற்றை அடுத்த திருப்பூந்துருத்தி அப்பொருளிற் பெயர்பெற்றது. இரண்டு ஓட்டங்கள் பிரிந்து மீண்டும் கூடும் இடம் என்னும் நயம் ஒத்தூதுவோன் வாய்க்கும் பொருந்துகின்றது. இது நயம் மட்டுமே, சொற்பிறப்பு ஆராய்ச்சியன்று.

மேளத்தில் ஒத்து இரண்டு பயன்களைத் தந்தது. ஒன்று, நாகசுரக்காரர் கழித்துக் கொள்ளும் இமைப்பொழுதின் வெறுமையை அது நிரப்பிற்று. திருவீழிமிழலை உடன்பிறந்தார் போல்வார் இரட்டை நாயனமாக ஊதியபோது ஒருவர் கார்வை நிறுத்த மற்றவர் மூச்சுக் கொள்ளுதற்கு வாய்ப்பு இருந்தது. தனித்து ஊதுவோர்க்கு ஒத்தே துணை. மற்றொன்று, ஒத்தினை ஊதப் புகுந்த இளைஞன், விரலைப் பற்றிய கவலை சிறிதும் இன்றி, இதழ், நா, கன்னம், வயிறு ஆகிய நான்கையும் இரவெல்லாம் பழக்கிக்கொண்டான். நாகசுரத்தைக் கையில் எடுக்கும் முன்னரே மூச்சு அவனுக்கு வசமாயிற்று. விரலையும் வளியையும் ஒருங்கே கற்பிக்கத் தொடங்கும் இக்கால முறையில் மாணாக்கன் கருத்து விரலுக்கே செல்லுதல் இயல்பு. நூலாசிரியர்க்கு நேர்ந்ததே அவனுக்கும் நேர்கின்றது.

இருபதாம் நூற்றாண்டில் சுருதிப்பெட்டி ஒத்தின் இடத்தைப் பற்றிற்று. பின்னர் மின்சாரச் சுருதிப்பெட்டி வந்தது. சுருதி பிறழாமை என்னும் ஒன்றை நோக்கின் இம்மாற்றத்தைக் குறை கூறுதற்கில்லை. மெழுகும் கொறுக்கையும் பனிக்கும் வெயிலுக்கும் இளகும், பெட்டி இளகாது. ஓர் ஆளின் கூலியும் குறைந்தது. நன்மை இவை. ஆனால் ஒத்தோடு போனது சுருதி மட்டுமன்று. வளிப்பயிற்சிக்கு இருந்த படிநிலையும் உடன் போயிற்று. இதனை உணர்த்துதற்கு நம் மொழியும் துணை செய்யவில்லை. பிறர் கூறுவதற்கெல்லாம் தலையசைப்போனை ஒத்தூதுகின்றான் என்று இகழ்தல் இன்றும் உலக வழக்கு. மேளத்தில் மூச்சின் அருமை மிக்க பணியைச் செய்தவன் பெயர், தனக்கென ஒன்றும் இல்லாதவன் பெயராயிற்று. ஒரே சுரத்தை ஊதுவது எளிது என்று கருதிய செவியே இவ்வழக்கைப் பிறப்பித்தது. அச்செவியும் விரலின் அசைவையே இசையாகக் கேட்டது என்க.

பி. எம். சுந்தரம் எழுதிய மங்கல இசை மன்னர்கள் நாகசுர, தவிற் கலைஞர் பலரின் வரலாற்றைத் தொகுத்துத் தந்தது போற்றற்குரிய பணி. அத்தகைய தொகுப்பு ஊதுமுறைக்கும் வேண்டும். முதிய கலைஞரிடம் சென்று அகாரம், துத்துக்காரம், தன்னகாரம் ஆகியவற்றில் நாவும் இதழும் நிற்கும் நிலைகளைப் பிறப்பியல் நெறியிற் குறித்து வைப்பது தமிழ்த்துறையினர் செய்யத்தக்கது; இசைத்துறையினர்க்கு மட்டும் உரியதன்று. ஒத்தினைப் பொறுத்தவரையில் காலம் இன்னும் குறுகியது. இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் இருக்கின்றனவே, பின்னர்க் கேட்டு ஆராயலாம் என்பார் உளர். நாகசுரத்தின் கார்வையை அவ்வாறு ஆராயலாம். ஒத்தூதுவோன் கன்னவளியினின்று நெஞ்சுவளிக்கு மாறும் இடமோ ஒலிப்பதிவிற் கேளாது. கேளாதவாறு மாற்றுதலே அவன் கற்ற கல்வி. அருகிருந்து அவன் மூக்கையும் கன்னத்தையும் கண்ணாற் கண்டு எழுதினாலன்றி அது எழுத்திற்கு வாராது.